ஸ்கேன் அறைக்குள் நான் கொண்டுபோன பல்செட்

இன்று காலை திருவொற்றியூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பொய் சொன்னேன்.

எழுபத்து நான்கு வயதில்!

விஷயம் இதுதான். என் இடது காதுக்குக் கீழே உள்ள கட்டி புற்றுநோய் என்று போன வாரம் தெரிந்தது. அது கழுத்தில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க, டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள். பரவியிருந்தால் ஆபரேஷனில் கழுத்தையும் திறக்க வேண்டும்.

ஸ்கேன் எடுக்கும் பெண்ணின் பெயர் மாலா. கொருக்குப்பேட்டைக்காரி. நகை, ஊக்கு எல்லாம் கழற்றச் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி என் காதருகே குனிந்தாள்.

"அம்மா, வாய்ல கழட்டுற பல்லு எதுனா கீதா? கூச்சப்படாம சொல்லுங்க."

"எல்லாம் சொந்தப் பல். கான்வென்ட்ல படிச்சவ நான். எனக்குப் பொய் சொல்ல வராது."

(மேல்வரிசையில் ஆறு பல் உலோகத் தகட்டில் நிற்கிறது. அது என் கணவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது.)

மாலா படிவத்தில் 'இல்லை' என்று குறித்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து!

அரை மணி நேரம் அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்தேன். வெளியே வந்தால் மாலாவின் முகம் சரியில்லை.

"படம் கோணிகினு கீதும்மா. தாடையாண்ட ஒண்ணுமே தெரியல."

"மெஷினை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றேன். ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சத்தம் கேட்டு டாக்டரே வெளியே வந்தார்.

"சாதாரணப் படத்துல கழுத்துல நெறி கட்டின மாதிரி தெரியுதும்மா. அது வெறும் வீக்கமா, நோய் பரவினதான்னு கணிக்க டிஃப்யூஷன் படம் வேணும். நெருக்கமான செல்லுக்கு நடுவுல தண்ணி நகர முடியாது, அந்த இடம் பளிச்சுனு காட்டும். பக்கத்துல உலோகம் இருந்தா மொத்தமும் கெட்டுடும்."

பிறகு மாலாவைப் பார்த்தார். "கேக்காமலே டிக் போட்டியா?"

மாலா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இல்லைன்னு இவங்க கையெழுத்தே போட்டிருக்காங்கன்னா மெஷின்லதான் கோளாறு. இன்ஜினியர் வரட்டும். மத்தவங்களை நாளைக்கு வரச் சொல்லு" என்றார்.

எனக்கு அடுத்த முறை, காத்திவாக்கத்தில் மீன் விற்கும் ஓர் அம்மாளுடையது. எழுந்தே விட்டார்.

"இன்னாமா நீ? ஆயாவாண்ட வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா? ஒரு நாள் பொயப்ப வுட்டுட்டு வந்து குந்திகினு கீறேன், நாளைக்கு வாவா? உன்னால எல்லார்க்கும் பேஜாரு!"

அந்த அம்மாள் திட்டியது மாலாவை. வாயைத் திறக்காதவள் நான்.

மாலா அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. அவளை உடைமாற்றும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, கைக்குட்டையில் பல்செட்டைக் கழற்றி வைத்தேன். "மன்னிச்சிடும்மா" என்றேன். (பல் இல்லாமல் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிக்க வேண்டாம்.)

"இதுக்கா இவ்ளோ அலட்டல்? எங்க நைனாவுக்கு மூணு செட்டு. ஒண்ணு எங்க கீதுன்னு அவருக்கே தெரியாது!"

சிரித்துவிட்டு வெளியே போய், "உலோகம் இருந்துச்சு சார், கழட்டியாச்சு" என்று மட்டும் சொன்னாள். "முதல்லயே பாத்திருக்க வேண்டாமா?" என்று அதற்கும் ஒரு திட்டு. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்போதும் வெளியே வரவில்லை.

திரும்ப எடுத்தார்கள். படம் தெளிவாக வந்தது. மீன்கார அம்மாளுக்கும் இன்றே ஸ்கேன் ஆயிற்று.

மாலை ரிப்போர்ட் வந்தது. இடது கழுத்தில் ஒரு கணு பளிச்சென்று தெரிகிறது. பரவியிருக்கக் கூடும் என்கிறார்கள். ஆபரேஷனில் கழுத்தையும் திறப்பார்களாம். பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதை எழுதுவது அதற்காக அல்ல. மாலா திட்டு வாங்கியது ஹால் நிறைய ஆட்கள் முன்னால். நான் மன்னிப்புக் கேட்டது கதவைச் சாத்திக்கொண்டு.

ஆகவே, எல்லோரும் பார்க்க இங்கே சொல்கிறேன். மாலா கேட்டாள். நான்தான் இல்லை என்றேன்.

நாளைக் காலை அந்த டாக்டரிடம் நேரில் போய் இதையே சொல்லப் போகிறேன்.