சுண்டு விரல்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. பதினெட்டு வருடமாகச் சரிபார்க்கும் மேசையில் இருக்கிறாள். தைத்து வரும் சட்டையை உள்பக்கம் திருப்பி, வலக்கைச் சுண்டு விரலின் ஓரத்தால் தையலை நெடுக ஒரு தடவு தடவுவாள். ஒரு நூல் தவறியிருந்தாலும் விரல் நின்றுவிடும். கண்ணால் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அன்று வந்தவை வெள்ளைச் சட்டைகள். ஒன்றின் கழுத்துப்பட்டையில் சிவப்பாக ஒரு புள்ளி. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததில் மூன்று.

"எவ கையிலடி ரத்தம்? தைக்கும்போது கண்ணை எங்க வெச்சிருக்கீங்க?" என்று வரிசை முழுவதையும் ஒரு பிடி பிடித்தாள்.

முதல் மிஷின்காரி எழுந்து வந்து அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். "எல்லாரையும் திட்டி முடிச்சாச்சாக்கா? இப்ப உங்க விரலைப் பாருங்க."

சுண்டு விரலில் ஒரு குண்டூசி ஏறி நின்றது. ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை. அந்த விரலும் மோதிர விரலும் சில மாதங்களாகவே மரத்துப்போவதும் விறுவிறுப்பதுமாக இருந்தன. களைப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் முழங்கையின் உள்பக்கத்தை லேசாகத் தட்டினார். விரல் நுனி வரை சுரீரென்று ஓடியது.

"இங்கதான் நரம்பு நசுங்குது. முழங்கையை மேசையில ஊனி வேலை செய்வீங்களோ?"

"ஆமாங்க."

"கையை மடக்கி வெச்சாலும் நசுங்கும். போன் ரொம்பப் பேசுவீங்களா?"

"மககிட்ட மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம்."

கூட வந்திருந்த கணவர் தொண்டையைச் செருமினார். "இவளோட அஞ்சு நிமிஷத்துல நான் போய் முடி வெட்டிக்கிட்டே வந்திடலாம், டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டுச் சொன்னார்: தூங்கும்போது கை மடங்காமல் முழங்கையில் துண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். போனைக் காதில் வைக்கவே கூடாது. "மூணு மாசம் பார்ப்போம். குறையலைன்னா ஆபரேஷன். அலட்சியமா விட்டா, போன உணர்ச்சி திரும்பாமலே போயிடலாம்."

மிஷின்காரி வெட்டுத்துணிகளைத் திணித்து மேசை விளிம்புக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள். இவள் தையலை இடக்கையால் தடவிப் பழகினாள். அது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளைப் போலத் தடுமாறியது. துண்டையும் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டாள். போன் விஷயத்தில்தான் மனம் ஒப்பவில்லை.

குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் மகள். அந்தப் படிப்பே அவளைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்விட்டது. போய் இரண்டு வருடம் மூன்று மாதம். ஸ்பீக்கரில் அவள் குரல் பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி அறை முழுக்கச் சிதறியது. காதோடு அழுத்திப் பிடித்தால்தான் மற்றதெல்லாம் கேட்கும்: மூச்சு, டீயை உறிஞ்சுவது, 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்வதற்கு முன் மூக்கை ஒருமுறை இழுத்துக்கொள்வது. இயர்போன் இவள் காதில் நிற்காமல் நழுவி விழுந்தது. ஆகவே சாயங்காலம் ஆனதும் கதவைச் சாத்திக்கொண்டு, கையை மடக்கி, போனைக் காதில் வைத்தாள்.

"ஸ்பீக்கர்லதான பேசறீங்க? டாக்டர் சொன்னதை அப்பா சொல்லிட்டார்."

"அதுலதான்டி."

ஒரு வாரம் அப்படியே ஓடியது. எட்டாம் நாள் மகள் பேச்சை நிறுத்தினாள்.

"அம்மா, பொய் சொல்றீங்க. ஸ்பீக்கர்ல போட்டா என் குரல் எனக்கே திரும்பக் கேட்கும். ஒரு வாரமா கேட்கவே இல்ல."

அவள் போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கையை நீட்டுங்க. இல்லன்னா இப்பவே வெச்சிடுவேன்."

"வெச்சிடாதடி!"

பதறிப்போய்ப் போனைத் தலையணைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, பக்கத்திலேயே தலைசாய்த்துக் கையை நீட்டினாள். விரல்களில் எறும்பு ஊர்ந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"சுண்டு விரல் வேற யாரோடதோ மாதிரி இருக்கு."

சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது மகள் கையைப் பிடிக்கமாட்டாள்; அந்த ஒரு விரலைத்தான் பிடிப்பாள்.

"நான் பிடிச்சாகூடத் தெரியாதாம்மா?"

மூக்கை இழுக்கும் சத்தம் வருகிறதா என்று போன் பக்கம் இன்னும் நகர்ந்து படுத்தாள். கை நீட்டியபடியே இருந்தது.

"நீ வந்து பிடி. பாத்துட்டுச் சொல்றேன்."