வகுப்புக்குத் திரும்பி வந்த யோகராணி டீச்சர்

நடுப்பகலில் லுஹர் தொழுதுவிட்டு எழுந்தபோது தொலைபேசி அடித்தது. யோகராணி டீச்சரின் தம்பி. "ஜெசீமா டீச்சர், அக்கா மோசம் போயிட்டா. நெஞ்சு நோகுது எண்டு சொன்னவ, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுக்குள்ள..." ஏறாவூரிலிருந்து உடனே சித்தாண்டியிலுள்ள மரணவீட்டுக்குப் புறப்பட்டேன்.

வாவிக்கரையிலுள்ள எங்கள் பாடசாலையில் அவர் கணிதம் படிப்பித்தார், நான் விஞ்ஞானம். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் அருகருகே இருந்தன. அவரிடம் படித்து, இதை வாசிக்கும் நீங்கள் அவருடைய சிரிப்பைப் பற்றிச் சொல்வீர்கள். நான் அவருடைய நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை மறைப்பதை அவர் விரும்பியதில்லை.

முதலில் தேநீரைக் குடிக்காமல் வைத்தார். பிறகு வாவிப் பக்கத்து யன்னல்களைச் சாத்தத் தொடங்கினார். தோணிக்காரர்கள் தன் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்றார். வாவியில் அப்போது ஒரு தோணியும் இல்லை. வீட்டார் கோயிலில் நூல் கட்டிப் பார்த்தார்கள்; பிறகுதான் வைத்தியரிடம் கூட்டிப்போனார்கள். மனச்சிதைவு என்று வைத்தியர் சொன்னார். ஆசுபத்திரி விடுதியில் பார்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கேக்குது ஜெசீமா. உங்களுக்குக் கேக்கல்ல எண்டுறதையும் நம்புறன். ரெண்டையும் வெச்சிக்கிட்டு எப்படி இருக்கிற எண்டுதான் தெரியல்ல" என்றார்.

சில மாதங்களில் வேலைக்குத் திரும்பினார். மருந்து காலையில் தலையைத் தூக்க விடாது. பாடசாலை அதிபர் முதற் பாடவேளையை மாற்றிக் கொடுத்தார். கைநடுக்கத்தில் கரும்பலகையில் நேர்கோடு வளைந்தது; கோடு போடும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டார். எனக்கும் ஒரு வேலை தந்தார். "இப்ப ஆராச்சும் என்னக் கூப்பிட்டதா?" என்று கேட்டால் நான் உள்ளதைச் சொல்ல வேண்டும். "எனக்காகப் பொய் சொல்லிராதீங்க." பெரும்பாலும் இல்லை என்றே சொல்லுவேன். ஒருநாள் "ஓம், அதிபர் கூப்பிடுறார்" என்றேன். "அப்பாடா, இவராவது உண்மையான ஆள்" என்று சிரித்துக்கொண்டே ஓடினார்.

பெற்றோர் கூட்டமொன்றில் ஒருவர் எழுந்து, "விசருக்கு மருந்து குடிக்கிறவவிட்டப் புள்ளைகள எப்படி விடுற?" என்று கேட்டார். யோகராணி எழுந்தார். "ஓம், மருந்து குடிக்கிறன். குடிக்கிறதாலதான் இஞ்ச நிக்கிறன். சுகமில்லாமப் போனா நானே அதிபரிட்டச் சொல்லிப்போட்டு வீட்ட நிப்பன்." இரண்டு பிள்ளைகளை அவருடைய வகுப்பிலிருந்து மாற்றினார்கள். அன்று என் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். மறுநாள் வகுப்புக்குப் போனார்.

சுகமாகத்தானே இருக்கிறேன் என்று ஒருமுறை மருந்தை நிறுத்திவிட்டார். சில வாரங்களில், பாடத்தின் நடுவே இறங்கிப்போய் வாவிக்கரைச் சதுப்பில் வளரும் கண்ணா மரங்களுக்குள் குந்தியிருந்தார். தன்னைக் கொல்ல ஆட்கள் வருகிறார்கள் என்றார். அப்படி யாரும் இல்லை என்று, செய்தி கேட்டு வந்த தம்பி மன்றாட மன்றாட, அவருக்குப் பதற்றம் கூடியது. நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"பயமா இருக்கா ராணி?"

"ஓம் கா. சரியான பயம்."

"நான் கூட இருக்கன்."

வெயில் சாயும்வரை அப்படியே இருந்தோம். பிறகு அவராகவே எழுந்து, "ஆசுபத்திரிக்குப் போவம்" என்றார்.

குணமாகி வந்த பின் ஒருநாள் சொன்னார்: "எல்லாரும் ஆள் இல்ல, ஆள் இல்ல எண்டாங்க. பயந்துபோய் இருந்தது நான்தானே. நீங்க அதக் கேட்டீங்க." அதன் பிறகு அவர் மருந்தை விடவில்லை. போன கிழமைகூடப் படிப்பித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

மரணவீட்டில் தம்பி வேலியோரம் தனியே நின்றார். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் விதியைப் பற்றிப் பேசினார்கள், அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டு, அவரை இருத்தி, பக்கத்தில் இருந்தேன். நெடுநேரத்துக்குப் பிறகு அவர் அழுதார். ஒருவரின் துயரத்துக்குப் பக்கத்தில் அவசரமில்லாமல் இருக்க எனக்கு இப்போது தெரியும். யோகராணியிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது.