நான்காவது ஆள்

என் தங்கை அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டபோது, நான் பிழைப்புக்கு வந்த நாட்டில், மனுரேவா என்ற ஊரில் வேலை செய்யும் கிடங்கின் சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவ் முன்னால் நின்றிருந்தேன். "அண்ணே, அந்த லிஸ்ட்ல வந்திருச்சுண்ணே. நாலு பேருன்னு போட்டிருக்கு. மாமனார் வீட்டு குரூப்ல போட்டுட்டேன்" என்றாள். அவள் கணவர் இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் குரலில் இருந்தது நிம்மதி என்று புரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மாப்பிள்ளை பால் வாங்கப் போயிருந்தார். இந்தியக் கடை வாசலில் காரை நிறுத்தி இறங்கியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவன் துப்பாக்கியோடு வந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டான். மாப்பிள்ளையும் ஒரு வயதான அம்மாவும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். கடை ஊழியர் ஒருவருக்குக் காலில் குண்டு. ஒரு கல்லூரிப் பெண்ணுக்குத் தோளெல்லாம் ரத்தம். கடைசியில் அந்தப் பாவி தன்னையே சுட்டுக்கொண்டான். ஏன்டா சுட்டாய் என்று கேட்க ஆள் இல்லை.

காரியத்தன்று பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டியவன் நான். அமெரிக்க விசா நேர்காணலுக்குப் பல மாதம் தள்ளித்தான் தேதி கிடைத்தது. அந்த ஊர்த் தமிழர் ஒருவர், அதுவரை அவளைப் பார்த்திராதவர், "நான் அண்ணன் முறைம்மா" என்று சொல்லி என் இடத்தில் நின்று போட்டார். நான் இங்கே ரானுயியில் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அதை வீடியோவில் பார்த்தேன். அவர் நன்றாக இருக்கட்டும். எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

திருச்சிப் பக்கம் மாப்பிள்ளை வீட்டில் துக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எங்கள் பக்கம் கொலை என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல், பொம்பளை விவகாரம், ஏதாவது ஒன்று. உள்ளூர்ப் பத்திரிகை 'முன்விரோதமா?' என்று தலைப்புப் போட்டது. அந்தக் கேள்விக்குறி யார் கண்ணுக்குத் தெரிந்தது? "சும்மா ஒருத்தன் வந்து சுடுவானா?" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களே கேட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி போனில் என் தங்கையிடம், "உன் பின்னாடி எவனாச்சும் சுத்துனானாம்மா? மறைக்காமச் சொல்லு" என்றாளாம். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? வாய் கூசவில்லையே!

அதனால்தான் அவளுக்கு அந்தப் பட்டியல் தேவைப்பட்டது. இப்படிக் கூட்டமாகச் சுடப்படும் சம்பவங்களைத் தொகுப்பதற்கென்றே அமெரிக்காவில் ஆட்கள் இருக்கிறார்கள். செய்தியையும் போலீஸ் அறிக்கையையும் பார்த்து, சம்பவத்துக்கு ஒரு வரியாக ஏற்றுவார்கள். அதிலும் ஆளுக்கு ஒரு விதி. ஒரு தளம் நான்கு பேர் செத்தால்தான் சேர்க்கும். இன்னொன்றுக்கு நான்கு பேருக்குக் குண்டு பட்டால் போதும், சாக வேண்டியதில்லை. சுட்டவன் மட்டும் கணக்கில் வரமாட்டான். இந்த இரண்டாவது தளத்தில்தான் மாப்பிள்ளையின் சம்பவம் ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் தங்கையின் மாமனார் வீட்டில் பேச்சு அடங்கியது. ஏதோ வெறி பிடித்தவன் வேலை, நம்ம பையன் மேல் தப்பில்லை என்று ஊரும் ஒப்புக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து அந்த வரி காணாமல் போனது. கல்லூரிப் பெண்ணின் தோளைக் கிழித்தது குண்டு இல்லை, உடைந்த கதவின் கண்ணாடி என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. மிச்சம் மூன்று பேர். "எடுத்துட்டாங்கண்ணே" என்று தங்கை அழுதாள். "நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற, அவங்ககிட்டப் பேசேன்."

அந்தத் தளத்துக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. வருந்துகிறோம், எங்கள் வரையறைக்குள் வரவில்லை என்றார்கள். சண்டை போடலாம் என்று பார்த்தால், கிடங்கில் அடிபட்டவர்களை வகை பிரித்துப் பதிவதுதான் என் வேலையும். ஃபோர்க்லிஃப்ட் இடித்து ஒருவனுக்குக் கையில் பிளாஸ்டர் மட்டும் ஒட்டினால் ஒரு வகை, டாக்டரிடம் போய்த் தையல் போட்டால் வேறு வகை. வலித்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் கணக்கு கெட்டுவிடும். அந்தப் பதிலை நானே எழுதியிருந்தாலும் இதே வார்த்தைகளைத்தான் எழுதியிருப்பேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ரயிலில் வீட்டுக்குப் போகும்போது, அந்தப் பெண்ணின் தோளில் ஒரே ஒரு குண்டு உரசிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஒருமுறை இல்லை, பலமுறை. யார் பெற்ற பிள்ளையோ! அப்படி நினைத்த என்னை எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

கிடங்கில் என் பக்கத்து மேசை யாழ்ப்பாணத்து அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் சாப்பாட்டு டப்பாவை மேசையில் எடுத்து வைத்தார். பிறகு, "எண்ணாமல் விட்ட ஆக்களைப் பற்றி எங்களிட்டக் கேளுங்கோ தம்பி" என்றார். "யுத்தத்தில இவ்வளவு பேர் செத்தவை எண்டு நாங்கள் கத்தக் கத்த, இல்லை, அவ்வளவு இல்லை எண்டு அரசாங்கக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தவை."

"நீங்க என்னக்கா செஞ்சீங்க?"

"என்னத்தைச் செய்யிறது? வேலைக்கு வாறன், போறன், சமைக்கிறன்." டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு வடையைக் கொடுத்தார். நானும் தின்றேன்.

ஊரில் அதற்குள் அந்த வரி போனதற்கு அவர்களே காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். விசாரணையில் முன்பகை என்று தெரிந்துவிட்டதாம், அதனால்தான் தூக்கிவிட்டார்களாம். அந்தச் சனிக்கிழமை கொடியில் காய்ந்த துணியை மழைக்கு முன் எடுத்துக்கொண்டிருந்தேன். தங்கையின் மாமனார் கூப்பிட்டார். நேராக விஷயத்துக்கு வந்தார். "தம்பி, அதை ஏன் எடுத்தாங்க? எங்கிட்ட நெசத்தைச் சொல்லுங்க. மருமகளைக் கேக்க எனக்கு மனசு வரல."

"மாமா, நாலு பேருக்குக் குண்டு பட்டாத்தான் அதுல சேப்பாங்க. இதுல மூணு பேருக்குத்தான். அந்தப் பொண்ணு மேல பட்டது கண்ணாடி. அவ்வளவுதான் மாமா, வேற ஒண்ணுமே இல்ல."

"அப்ப அந்தப் புள்ளைக்குக் குண்டு பட்டிருந்தா எம்மவன் மேல தப்பில்ல. அப்படித்தானே?"

"அப்படி இல்ல மாமா. இப்பவும் அவர் மேல தப்பில்ல. அது வெறும் கணக்கு."

"எனக்குப் புரியுது தம்பி. அந்தப் புள்ள நல்லாருக்கட்டும். இந்த ஊர்க்காரனுங்களுக்கு நான் என்னன்னு சொல்ல?"

மழை பிடித்துக்கொண்டது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன். போனில் அவருக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்னவாம்? எதுக்கு எடுத்தாங்களாம்?"

"தெரியலையாம்" என்றார் மாமா.