கடைசிப் பாட்டில் ஓர் இருமல்

என் மகள் சமீராவின் முதல் ஆல்பத்தைக் காட்டூர் வீட்டில் அவளோடு உட்கார்ந்து கேட்டேன். கடைசிப் பாட்டின் நடுவே அவளுடைய வறட்டு இருமல் கேட்டது.

நான் சிறுவனாக இருந்தபோது, சவூதியில் வேலை பார்த்த என் தகப்பனார், அத்தா, கடிதம் போடமாட்டார். கேசட்டில் பேசி அனுப்புவார். பாலக்கரை வீட்டில் அத்தர் மணக்கும் அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டுச் சுற்றி உட்காருவோம். அவர் இருமும்போதெல்லாம் பிள்ளைகள் நாங்களும் அதேபோல் இருமிக் காட்டிச் சிரிப்போம். அம்மா மட்டும் சிரிக்காமல், ரீவைண்ட் செய்து அந்த இடத்தையே திரும்பக் கேட்பார். அடுத்த ரம்ஜானுக்குக் கேசட் வரவில்லை. அத்தாவின் துணிமணி அடங்கிய பெட்டி மட்டும் வந்தது.

"ஸ்டுடியோவுல அந்த இருமலை எடுத்துடலாம்னாங்க, அத்தா. நான்தான் நல்லாருக்கு, இருக்கட்டும்னுட்டேன்," என்று சமீரா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் பாட்டைப் பின்னுக்குத் தள்ளி, அந்த இடத்தையே மறுபடி கேட்டேன்.