மெலிந்த முனை

எல்கடுவ தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து வரும் அவர் பெயரை நான் கேட்டதில்லை; அவரும் என்னை, முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல், 'நானா' என்று மட்டுமே கூப்பிடுவார். ஒல்லியான உடம்பு, எந்நேரமும் தோளில் ஒரு துண்டு. சுடுவதற்குத் துவக்குக்குப் பர்மிட் கிடைக்காததால், காய்கறிப் பாத்தியைக் கிளறும் காட்டுப்பன்றிக்கு வில் வைத்திருந்தார். அம்பு முனைகளை மாத்தளை டவுனில் உள்ள என் லேத் கடையில்தான் கடையக் கொடுப்பார். நான் கடைந்து கொடுத்ததும் உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடிப் பாரம் பார்ப்பார்.

ஒருமுறை பஸ் புறப்படும் அவசரத்தில் அப்படிப் பார்க்காமலே வாங்கிப்போனார். பாரம் குறைந்தால் வேகமாகப் போகும் என்று நானாகவே மெலிதாகக் கடைந்த முனை அது.

நான்காம் நாள் ஓடிவந்தார்.

"பன்னி சாகல நானா. முனை உள்ள எறங்கல. அம்போட கொழுந்து மலைக்குள்ள படுத்திருக்கு. நாளைக்கு எம் பொண்டாட்டி அங்கதான் பறிக்கணும்."

"கங்காணிகிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். அம்பு விட்டவன் நீதானே, நீயே முடிச்சிருங்கிறாரு."

அவசரமாகக் கனத்த முனையொன்றைக் கடைந்தேன். கண்ணை மூடித் தூக்கிப் பார்த்தார்.

"இது ரொம்பப் பாரம். அம்பு வளைஞ்சி வேற பக்கம் போயிரும்."

"குறைக்கட்டுமா?"

"எவ்வளவுன்னு தெரியலியே நானா. கடைசி பஸ்ஸும் போயிரும். எங் கை ராசியில்லாத கை."

முனையை இறுகப் பொத்திக்கொண்டு ஓடினார். தவறியது அவர் கையல்ல என்று நான் சொல்லவில்லை.

அதன்பின் அவர் வரவில்லை. எல்கடுவ பஸ்ஸிலிருந்து தினமும் ஆட்கள் இறங்குகிறார்கள். இன்னும் ஒருவரிடமும் நான் விசாரிக்கவில்லை.