ஐந்தாம் மாதம் என்று சொல்லிவிட்டேன்

முப்பத்தெட்டு வயதில் எனக்கு இல்லாத கர்ப்பம் ஒன்று இரண்டு மாதம் இருந்தது. பொய்தான். சொன்னவளும் நான்தான்.

கீரிப்பாறையில் ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. காலை பஸ்ஸில் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே போவேன். இரண்டு கால் முட்டும் தேய்ந்துபோய்விட்டன. டாக்டரிடம் போனால் முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். முதலில் எடையைக் குறையுங்கள் என்பார். காய்ச்சல் என்று போனாலும் அதே மருந்துதான். அலுத்துப்போய்ப் போவதையே விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் என்றைக்காவது சீட் கிடைத்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பெருமூச்சு விடுவார். ஒரு டிக்கெட் போதுமா என்று கண்டக்டர் கேட்பார். பஸ்ஸே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் சிடுமூஞ்சி என்ற பட்டமும் கூடிவிடும்.

ஒருநாள், ரப்பர் பால் ஆலையில் வேலை செய்யும் பெண்களில் மூத்த அக்கா சட்டென்று எழுந்து எனக்கு இடம் விட்டாள்.

"எத்தன மாசம் மக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காலியாக இருந்த சீட்டைப் பார்த்தேன். முட்டு விண்விண்ணென்று தெறித்தது.

"அஞ்சு," என்றேன்.

அன்றோடு எல்லாம் மாறிப்போயிற்று. தினமும் எனக்கு ஒரு சீட். வளைவுகளில் டிரைவர் மெதுவாகத் திருப்பினார். கண்டக்டர் கிண்டலை நிறுத்தினார். ஒருத்தி உப்புமாங்காய் கொண்டுவந்தாள். இன்னொருத்தி என் வயிற்றில் கைவைத்து, பொம்பளைப் பிள்ளைதான் என்று அடித்துச் சொன்னாள். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் மகள் இருக்கிறாள் எனக்கு. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்த வயிற்றை அருவருப்பில்லாமல் வேறொருத்தி தொட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. கண் கலங்கியதை, வாயும் வயிறுமாக இருப்பவளின் கலக்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஏழாம் மாதம் என்று அவர்களே எண்ணி, ஆளுக்கொரு கறி வைத்துக் கொண்டுவந்தார்கள். அவியல், தீயல், மீன் வறுத்தது. அந்த அக்கா விடியுமுன் எழுந்து பாயசம் காய்ச்சியிருந்தாள். தூக்குப்பாத்திரம் என் மடியில் சூடாக இருந்தது. அதைக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை.

"பிள்ளை ஒண்ணும் இல்லக்கா. இது என் ஒடம்புதான். முட்டு வலிச்சுது, அதான் சொல்லிட்டேன்."

"அப்போ நாங்கல்லாம் கிறுக்கிகளா?" என்று கேட்டுவிட்டு அக்கா என் மடியிலிருந்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். அவள் கோபம் நியாயமானதுதான்.

மறுநாள் யாரும் எழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டருக்குப் பழைய கிண்டல் திரும்பிவிட்டது. முட்டு வலி மட்டும் முந்தின நாள் எப்படியோ அப்படியேதான் இருந்தது. அதற்காக என்றைக்கும் யாரும் எழுந்து இடம் விட்டதில்லை.