சம்மதத்துடன் தள்ளுபடி

வடமாலபேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. லாரி ஓட்டி ஓய்ந்த என் அப்பா, நைனா, அதில் மூன்று கேரம் பலகைகளைப் போட்டிருந்தார். சாயங்காலமானால் தெரு ஆட்கள் வந்து ஆடுவார்கள். கணக்கெடுக்க வந்த பஞ்சாயத்துச் செயலாளர் அதைப் பார்த்ததும் 'வியாபார இடம்' என்று எழுதி, தனியாக வரி போட்டுவிட்டார்.

நைனா திருப்பதியில் மேல்முறையீடு செய்தார். ஸ்ரீ சிட்டி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன்.

"ஆட வர்றவங்ககிட்ட காசு வாங்குறீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"அவங்களுக்கு டீயே நான்தான் சார் வாங்கித் தர்றேன்."

மறுபடி நேரில் போய்ப் பார்க்கும்படி செயலாளருக்கு உத்தரவானது. ஒருநாள் சாயங்காலம் அவர் வந்தார். வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார். கடைசியில் நைனாவுக்கு எதிரே உட்கார்ந்து ஆடவே ஆரம்பித்துவிட்டார். நைனா விட்டுக்கொடுப்பாரா என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். விடவில்லை. சிவப்புக் காயையும் நைனாவே போட்டார்.

அடுத்த விசாரணையில், அந்த வரியை எடுத்துவிடச் செயலாளர் சம்மதித்தார். மேல்முறையீட்டைக் கைவிட நைனா சம்மதித்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி உத்தரவைத் தெலுங்கில் வாசித்தார். அதில் தள்ளுபடியைக் குறிக்கும் 'கொட்டிவேத்த' என்ற சொல் வந்ததும் நைனா எழுந்துவிட்டார்.

"இன்னா சார் இது? வரி இல்லன்னு சொல்லிக்கினே கேச தள்ளுபடி பண்ணிட்டீங்களே!"

அதிகாரி சிரித்தார். "பெத்தாயனா, பெரியவரே, நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போயிட்டீங்க. இனிமே நான் தீர்ப்பு சொல்ல சண்டை எங்க இருக்குது? அதான் அப்பீல முடிச்சுட்டேன். வரி போனது போனதுதான்."

தோற்றவனுக்கும் சமாதானமானவனுக்கும் எப்படி ஒரே சொல் என்பது எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் அந்த உத்தரவுத் தாளை நைனா என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார். "சம்மதத்தோடன்னு இருக்குதே, அத சத்தமா படி" என்றார்.

கொட்டகையில் எல்லோரும் காத்திருந்தார்கள். "கேசு தள்ளுபடி" என்று மட்டும் சொல்லிவிட்டு நைனா உட்கார்ந்தார். ஒருவர் அதிகாரியைத் திட்டினார். ஒருவர், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வரியைக் கட்டிவிடலாம் என்றார். அடிக்கடி ஆட வரும் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு மெல்லக் கிளம்பினார். அதன் பிறகுதான் வரி போன விஷயத்தை நைனா சொன்னார்.

"ஏன் நைனா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"யாரு இன்னா சொல்றாங்கன்னு பாக்கணும்னு தோணிச்சு" என்றார்.